பிர்மான்ட்டில் வீடுகளுக்கு நடுவே அந்தப் பாறைச்சுவர் எங்கிருந்து வந்தது?

சிட்னிக்கு வேலை மாற்றலாகி வரும் ஒருவர் பிர்மான்ட் பகுதியில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறார். படங்களில் ஒரு பக்கம் நூறு வருடப் பழைய ஒட்டுச்சுவர் வீடுகள், இன்னொரு பக்கம் கண்ணாடி பதித்த உயரமான அடுக்குமாடிகள், இரண்டுக்கும் நடுவே பல மாடி உயரத்துக்குச் செங்குத்தான மஞ்சள் பாறை. நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம் ஏன் இப்படி ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கிறது, முன்பு அங்கே என்னதான் இருந்தது என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பாறைச்சுவர் இயற்கையாக நின்றதல்ல. கல்லை வெட்டிக்கொண்டு போனபின் மிஞ்சியது. சிட்னிக்குத் தேவையானதெல்லாம் இங்கிருந்து போனது. சிட்னி தன் கண்ணில் படவேண்டாம் என்று நினைத்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட இருநூறு வருடக் கதை அவ்வளவுதான். ஏன் இந்த இடம் என்றால் அதற்குக் காரணம் நில அமைப்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வரைபடத்தில் துறைமுகத்தின் தென்கரையைப் பாருங்கள். நகர மையத்துக்கு மேற்கே டார்லிங் ஹார்பர் என்ற நீர்ப்பரப்பு தெற்கு நோக்கிக் குறுகலாக உள்ளே போகும். அதற்கு அந்தப் பக்கம் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம்தான் பிர்மான்ட். வடக்கே ஜான்ஸ்டன்ஸ் பே, மேற்கே பிளாக்வாட்டில் பே. தெற்குப் பக்கம் மட்டும் அல்டிமோ என்ற பக்கத்துப் பகுதி வழியாக நிலத்தோடு சேர்கிறது. நகரத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரை, கூப்பிட்டால் கேட்கும். ஆனால் பாலம் வரும்வரை வண்டியில் போகவேண்டுமென்றால் தெற்கே இறங்கி, நீர் முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். சுற்றிலும் ஆழமான தண்ணீர், நடுவில் மொத்தமும் மணற்பாறை. விவசாயத்துக்கு லாயக்கில்லை, மாளிகை கட்டி வாழ வசதியில்லை. கப்பலில் ஏற்றி இறக்க மட்டும் அருமையான இடம்.

இது கடிகல் மக்களின் நிலம். பிர்ரமா என்பது அவர்கள் வைத்த பெயர்; இன்று வடமுனையிலுள்ள பூங்காவுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தக் கரைகளில் சிப்பியும் மட்டியும் ஏராளம். டார்லிங் ஹார்பரின் உட்பகுதிக்கு இன்றும் காக்கிள் பே, அதாவது மட்டி வளைகுடா என்றுதான் பெயர். 1788-ல் ஆங்கிலேயர் வந்து இறங்கினார்கள். அடுத்த வருடமே பெரியம்மை பரவி, துறைமுகத்தைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. குடியேறிகளுக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகத் தின்றுபோட்ட சிப்பிக் குவியல்களை அள்ளித்தான் சுட்டார்கள்.

1795-ல் ஒரு சிப்பாய்க்கு இங்கே 55 ஏக்கர் மானியமாகக் கிடைத்தது. அது கைமாறி 1799-ல் ஜான் மெக்கார்தரிடம் வந்தது, விலை 10 பவுண்டு. ஒரு காலன் ரம் கொடுத்து வாங்கினார் என்றும் சொல்வார்கள். அந்தக் காலச் சிட்னியில் ரம் கிட்டத்தட்ட நாணயம் மாதிரி புழங்கியதால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்களில் வரும் அதே மெக்கார்தர்தான். 1806-ல் அவர் குடும்பத்தோடு உல்லாசமாக வந்த கூட்டம் இங்கே ஒரு நல்ல ஊற்றைப் பார்த்து, ஜெர்மனியிலிருந்த புகழ்பெற்ற ஊற்று நகரான பிர்மான்ட்டின் பெயரை வைத்தது. அதற்கப்புறம் முப்பது வருடம்போல ஒன்றும் நடக்கவில்லை. 1830-களின் கடைசியில்தான் குடும்பத்தார் மனை பிரித்து விற்க ஆரம்பித்தார்கள்.

இனி கல்லுக்கு வருவோம். சிட்னி முழுக்க மணற்பாறைதான் என்றாலும் பிர்மான்ட் கல்லுக்குத் தனி மவுசு. எல்லோபிளாக் என்பது தொழிலில் அதன் பெயர். வெட்டி எடுக்கும்போது சாம்பல் கலந்த வெளிர் நிறத்தில் இருக்கும். அதற்குள் இரும்புச் சத்து உண்டு. காற்றும் மழையும் பட்டுச் சில வருடங்களில் அது துருவேறி, கல் முழுக்கத் தேன் நிறத்துக்கு வந்துவிடும். உளிக்கு இணங்கும், நுணுக்கமாகச் செதுக்கலாம், கட்டியபின் கெட்டியாகவும் நிற்கும். கல்தச்சனுக்கு வேறென்ன வேண்டும்?

1850-களில் சார்லஸ் சாண்டர்ஸ் என்பவர் பெரிய அளவில் குவாரி தொடங்கினார். மகன் ராபர்ட் காலத்தில் நீராவிக் கிரேன் எல்லாம் வந்து தொழில் இன்னும் பெருத்தது. வேலை செய்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். மூன்று குவாரிகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள்: சொர்க்கம், பாவம் கழிக்கும் உத்தரிப்பு உலகம், நரகக்குழி. வேலை எவ்வளவு கஷ்டம் என்பதை வைத்து வந்த பெயர்கள். சொர்க்கத்தில் கல் அருமை, வெட்டுவதும் சுலபம். நரகக்குழி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மணற்பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இளைத்துச் செத்த கல்தச்சர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். சொர்க்கத்தில் வெட்டினாலும் தூசி தூசிதானே.

மார்ட்டின் பிளேஸில் உள்ள பழைய தலைமைத் தபால் நிலையம், நிலப்பதிவுத் துறைக் கட்டடம், சிட்னி பல்கலைக்கழகத்தின் பழைய முகப்பு என்று 19-ஆம் நூற்றாண்டுச் சிட்னியின் கம்பீரத்தில் பெரும்பங்கு பிர்மான்ட் வயிற்றிலிருந்து போன கல். நகரத்தில் அந்தக் கட்டடங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நடந்து வந்து சாண்டர்ஸ் தெரு, குவாரி மாஸ்டர் டிரைவ் பக்கம் நின்று பாருங்கள். அங்கே மேடாக நின்றது இங்கே பள்ளமாகத் தெரியும். நீங்கள் படத்தில் பார்த்த சுவர் அதுதான். கிட்டே போனால் இயந்திரமும் உளியும் இழுத்த கோடுகள் பாறையில் இன்னும் தெரியும். 1990-களில் அடுக்குமாடிகளுக்கு அடித்தளம் தோண்டியபோது நல்ல கல் மறுபடியும் கிடைத்தது. பழைய அரசுக் கட்டடங்களில் அரித்துப்போன கற்களை மாற்ற அதே ரகம் வேண்டும் என்பதால், அதை வீணாக்காமல் எடுத்து வைத்தார்கள். புத்திசாலித்தனமான காரியம், அரசாங்கங்கள் அடிக்கடி செய்வதில்லை.

பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1858-ல் தனியார் கம்பெனி ஒன்று மரப்பாலம் கட்டிச் சுங்கம் வசூலித்தது. 1884-ல் அரசு வாங்கிச் சுங்கத்தை எடுத்தது. இப்போது நீங்கள் நடக்கப்போகும் பிர்மான்ட் பாலம் 1902-ல் திறந்தது, வடிவமைத்தவர் பொறியாளர் பெர்சி ஆலன். உயரமான கப்பல் வந்தால் நடுப்பகுதி மின்மோட்டாரில் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். மின்சாரத்தில் இயங்கும் திரும்பு பாலங்களில் உலகிலேயே முந்தியவற்றுள் ஒன்று. 1981-ல் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி, இடித்துவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். நல்லவேளையாகத் தப்பித்து, 1988-லிருந்து நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான பாலமாக இருக்கிறது.

அடுத்தது சர்க்கரை, நம் ஆட்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி, சுருக்கமாக சி.எஸ்.ஆர்., 1855-ல் எட்வர்ட் நாக்ஸ் தொடங்கியது. 1870-களின் பிற்பகுதியில் அது தன் சுத்திகரிப்பு ஆலையைப் பிர்மான்ட்டின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தது. கச்சாச் சர்க்கரை கப்பலில் நேரே ஆலை வாசலுக்கே வரலாம், கொதிகலனுக்கு நிலக்கரியும் கப்பலிலேயே வரலாம் என்பதுதான் வசதி. பழுப்புச் சர்க்கரையைக் கரைத்து, வடிகட்டி, எலும்புக்கரி நிரப்பிய தொட்டிகள் வழியாக விட்டு நிறத்தை எடுப்பார்கள்; அப்புறம் காற்று நீக்கிய பாத்திரங்களில் காய்ச்சிப் படிகமாக்குவார்கள். மொலாசஸ் என்ற கழிவுப்பாகு வீணாகாமல் சாராய ஆலைக்குப் போகும், கரும்புச் சக்கையில் கட்டடப் பலகை செய்வார்கள். எலும்புக்கரி ஆலைக் கட்டடம், ரம் கிடங்கு, பீப்பாய் செய்த கூடம் என்று சில பழைய கட்டடங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். இன்று ஜாக்சன்ஸ் லேண்டிங் என்ற குடியிருப்புக்குள் அவை நிற்கின்றன.

கம்பெனி பிர்மான்ட்டோடு நிற்கவில்லை. வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் குவீன்ஸ்லாந்திலும் கரும்பாலைகள் வைத்தது. 1880-களில் பிஜிக்குப் போய் நௌசோரியில் பெரிய ஆலை கட்டி, சீக்கிரமே அந்தத் தீவுகளின் சர்க்கரைத் தொழிலை ஏறக்குறைய முழுதாகக் கையில் வைத்துக்கொண்டது. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 60,000 பேர். முதலில் கல்கத்தாவிலிருந்துதான் கப்பல். 1903-லிருந்து சென்னையிலிருந்தும் போனது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர் தென்னிந்தியர், அவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் அதிகம். பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடியது பிஜித் தீவில் இருந்த நம் பெண்களைப் பற்றித்தான். அங்கே தோட்டங்களையும் ஆலைகளையும் வைத்திருந்த முதலாளிகளில் மிகப் பெரியவர் சிட்னியிலிருந்து நிர்வாகம் செய்த இந்தக் கம்பெனி.

பிஜிச் சர்க்கரை அத்தனையும் பிர்மான்ட்டுக்கு வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனிக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் சுத்திகரிப்பு ஆலை இருந்தது, பிஜியின் சரக்கு முக்கியமாக அங்கேதான் போனது. ஆனாலும் கம்பெனி ஒன்றுதான், லாபம் சேர்ந்த இடமும் ஒன்றுதான். 1973-ல்தான் அவர்கள் பிஜியை விட்டு வெளியேறினார்கள். ஜாக்சன்ஸ் லேண்டிங்கில் நட்டுவைத்திருக்கும் பலகைகள் பீப்பாய் செய்தவர்களையும் சாராய ஆலையையும் பற்றி அழகாகச் சொல்லும். கரும்பை யார் வெட்டினார்கள் என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதலாம் என்பது என் கருத்து.

கம்பளிக்கு வந்தால், 1880-களிலிருந்து பிர்மான்ட்டும் அல்டிமோவும் கம்பளிக் கிடங்குகளால் நிறைந்தன. கனத்த செங்கல் சுவர், தடிமனான மரத்தூண்கள், ஐந்தாறு மாடி. உள்நாட்டிலிருந்து பொதிகள் டார்லிங் ஹார்பர் சரக்கு ரயில் நிலையத்துக்கு வரும். கிடங்கில் ஏற்றி ஏலம் முடிந்ததும் பக்கத்திலேயே கப்பல். இந்தக் கிடங்குகளின் கூரையைக் கொஞ்சம் கவனியுங்கள், ரம்பப்பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். மேல்மாடியில்தான் வியாபாரிகள் பொதியைப் பிரித்துக் கம்பளியின் நிறத்தையும் இழையையும் பார்ப்பார்கள். நேர்வெயில் பட்டால் கண் ஏமாறும், விளக்கு வெளிச்சமும் உதவாது. அதனால் கண்ணாடிப் பக்கத்தைத் தெற்கே பார்த்து வைத்தார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும். தெற்கிலிருந்து வருவது நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இது லேசில் உறைக்காது. வீடு பார்க்கும்போதும் இதே கணக்குத்தான்: வடக்குப் பார்த்த ஃபிளாட்டில் குளிர்காலத்தில் வெயில் வரும், தெற்குப் பார்த்ததில் துணி காயாது.

1900-ல் சிட்னியில் பிளேக் வந்தது. எலிகள் மண்டிய தனியார் கப்பல்துறைகளை அரசு கையகப்படுத்தி, துறைமுக வாரியம் ஒன்றை அமைத்துக் கரையைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தது. பிர்மான்ட்டின் முனைகளை வெட்டிச் சமப்படுத்தி, வளைவுகளைத் தூர்த்து, நீண்ட துறைமேடைகள் அமைத்தார்கள். ஜோன்ஸ் பே துறைமேடை அப்படி எழுந்தது. அப்புறம் பாறையை நெடுக வெட்டிச் சரக்கு ரயில் பாதை போட்டார்கள். இன்று டிராம் மாதிரியான லைட் ரெயில் ஓடும் அந்த ஆழமான வெட்டுவழி அதுதான். 1904-ல் மின்நிலையம் வந்து நிலக்கரிப் புகையைக் கக்கத் தொடங்கியது. மேற்கே கிளேப் தீவில் கசாப்புக்கூடம் இருந்த காலமெல்லாம் மாட்டு மந்தைகள் வேறு.

குப்பை மட்டும்தான் பாக்கி என்று நினைத்தால், 1936-ல் நகரக் குப்பையை எரிக்க உலை ஒன்றும் வந்தது. ஆனால் அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கான்பெரா நகரத்தையே திட்டமிட்ட வால்டர் பர்லி கிரிஃபின். சுவர் முழுக்க வடிவவியல் சித்திர ஓடுகள் பதித்து, குப்பை உலையைக் கோயில் கோபுரம் போல எழுப்பினார். அது திறப்பதற்குள் லக்னோவுக்கு வேலையாகப் போயிருந்தவர், 1937-ல் அங்கேயே இறந்துபோனார். 1971-ல் உலையை மூடினார்கள். பராமரிக்காமல் விட்டுவிட்டு 1992-ல் இடித்தார்கள். பிர்மான்ட் இழந்த கட்டடங்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

இத்தனைக்கும் நடுவே மக்கள் வாழ்ந்தார்கள். 1900 வாக்கில் பிர்மான்ட்டும் அல்டிமோவும் சேர்த்துப் பல்லாயிரம் பேர். வேலைக்கு நடந்தே போய்விடலாம். ஒட்டுச்சுவர் வீடு, தெருமுனையில் மதுக்கடை, ஞாயிறன்று சர்ச். காயப்போட்ட துணியில் கரித்தூள் விழும். இந்த அண்டைவீட்டு வாழ்க்கையைத் தொழிற்சாலைகளே மெல்லத் தின்றன. ஆலையை விரிவாக்க வீடுகளை வாங்கி இடித்தார்கள். போருக்குப் பிந்தைய நகரத் திட்டங்கள் இது தொழிலுக்கான இடம், குடியிருக்க அல்ல என்ற எண்ணத்தில் போட்டவை. மேலே உயரச்சாலை வந்து இன்னும் சில தெருக்களை விழுங்கியது. கடைசியில் கப்பல்களும் ஏமாற்றிவிட்டன. சரக்குப் பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) வந்ததும் கப்பல் தொழில் அகலமான இடம் தேடி பாட்டனி பேக்கு நகர்ந்தது. கம்பளிக் கிடங்குகள் மேற்குப் புறநகருக்குப் போயின. மின்நிலையம் 1983-ல் மூடியது. 1990 வாக்கில் தீபகற்பம் முழுக்கச் சேர்த்தும் மூவாயிரம் பேர் அளவுக்குத்தான். இந்தக் கதையில் ஒரு நல்ல பக்கமும் உண்டு: இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்திரேலிய மண்ணில் முதல் அடி வைத்தது பிர்மான்ட்டின் 13-ஆம் எண் துறைமேடையில்தான்.

மறுபிறவி 1990-களில். மத்திய அரசின் நகர மேம்பாட்டுப் பணமும் மாநில அரசின் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து இடத்தைக் கட்டுமான நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டன. மின்நிலையம் இருந்த இடத்தில் 1997-ல் சூதாட்டக் கூடம். அதே வருடம் சரக்குப் பாதையில் லைட் ரெயில். சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் ஜாக்சன்ஸ் லேண்டிங். தூர்த்த கரையில் எழுந்த ஓர் அலுவலகத்துக்குள் 2009-ல் கூகுள். இன்று பிர்மான்ட்டில் மட்டும் சுமார் 12,000 பேர். நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்று.

இதில் நான் பாராட்டும் விஷயம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் சதுர மீட்டர் கணக்கில் ஒரு தொகை செலுத்தவேண்டும் என்று விதித்து, அதை வைத்துக் குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்ட 1994-ல் சிட்டி வெஸ்ட் ஹவுசிங் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். 600 வீடுகள் என்பது இலக்கு. ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் பெரிய முன்மாதிரி இல்லை. போதாது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீடுகளும் இல்லாமல் போயிருந்தால் இங்கே நர்சும் சமையல்காரரும் குடியிருக்கவே வழியில்லை.

மீன் சந்தை 1966-ல் இங்கே வந்தது. 1989-லிருந்து ஏலம் டச்சு முறையில். விலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்தியவருக்குச் சரக்கு. கூச்சல் கிடையாது, பெரிய கடிகாரத்தைப் பார்த்தபடி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒரு நொடி தயங்கினால் பெட்டி அடுத்தவருடையது. சற்றுத் தள்ளி, பிளாக்வாட்டில் பேயின் தலைப்பக்கத்தில், டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த புதிய சந்தைக் கட்டடம் எழும்பியிருக்கிறது. பழைய சந்தை நிலத்தில் இனி எத்தனை மாடி எழும் என்பதுதான் இங்கே குடியிருப்போர் கூட்டங்களில் நடக்கும் சண்டை.

சரி, வீட்டு விஷயம். ஹாரிஸ் தெரு முதுகெலும்பு மாதிரி மேட்டில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சரிவு. வரைபடத்தில் ஐந்து நிமிடம் என்று காட்டுகிற தூரத்தின் நடுவில் குவாரிச்சுவர் நிற்கலாம், நீங்கள் படிக்கட்டோ லிஃப்ட்டோ தேடவேண்டியிருக்கும். குழந்தை வண்டி, வயதான பெற்றோர் என்றால் நேரில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குவாரிப் பள்ளத்துக்குள் பாறையை ஒட்டிய கீழ்மாடிகளில் ஈரப்பதம் எப்படி என்று கேளுங்கள். உயரச்சாலைப் பக்கம் இரைச்சல் உண்டு. ரயில் நிலையம் இன்னும் இல்லை, லைட் ரெயிலும் பஸ்ஸும்தான். மெட்ரோ வெஸ்ட் பாதையில் பிர்மான்ட்டுக்கு ஒரு நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2032-ல் திறப்பதாகத் திட்டம். அதன் மறுமுனை வெஸ்ட்மீட். தமிழ்க் கடைகளும் மேஸ் ஹில் முருகன் கோயிலும் அந்தப் பக்கம்தான், அதுவரை நகர மையத்திலுள்ள டவுன்ஹால் நிலையம் வரை போய் ரயில் மாறிக்கொள்ள வேண்டும்.